முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும் செகண்ட் ஹேண்ட் போன்: என்ன செய்யலாம்?

திருப்பூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஆன்லைன் விளம்பரம் பார்த்து ஒரு பழைய சாம்சங் போனை 9,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். விற்றவர் நேரில் வந்து, தன் பின் நம்பரைப் போட்டுத் திறந்து காட்டி, அந்த நம்பரையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் நம்பர் சரியாக நினைவில்லை. சரி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கலாம் என்று பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் அழுத்தி ரீசெட் போட்டிருக்கிறார். இப்போது போன், இதில் முன்பு இருந்த கூகுள் கணக்கைப் போடுங்கள் என்று கேட்டு அங்கேயே நிற்கிறது. விற்றவரோ, "பக்கத்துக் கடையில கொடுங்க, 500 ரூபாய்க்கு லாக் எடுத்துத் தருவாங்க" என்கிறார். அந்த லாக்கை எப்படி எடுப்பது என்பதுதான் கேள்வி.

கேள்வி லாக்கைப் பற்றி இருந்தாலும், அதற்கு முன்னால் பதில் தெரிய வேண்டிய இன்னொரு கேள்வி அதற்குள் இருக்கிறது. அந்தப் போனை விற்க அவருக்கு உரிமை இருந்ததா? இருந்தது என்றால் லாக் ஒரு பெரிய விஷயமே இல்லை. விற்றவர் பத்து நிமிடம் ஒதுக்கினால் திறந்துவிடும். இல்லை என்றால், லாக் திறந்தாலும் உங்கள் தலைவலி தீராது. போன் சர்வீஸ் செய்து பிழைப்பவன் நான். இந்த மாதிரிப் போன் கடைக்கு வராத வாரம் குறைவு. வருகிறவர்களிடம் நான் சொல்வதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது ஏன் வந்தது என்று பார்ப்போம். இதைக் கடைகளில் எஃப்.ஆர்.பி லாக் (ஃபேக்டரி ரீசெட் புரொடெக்‌ஷன், அதாவது போனை அழித்துத் திருட முடியாமல் தடுக்கும் பூட்டு) என்பார்கள். 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1 உடன் வந்த பாதுகாப்பு. போனில் கூகுள் கணக்கும் ஸ்கிரீன் லாக்கும் இருந்தால் இது தானாகவே வேலை செய்யும். செட்டிங்ஸுக்குள் போய் ரீசெட் போட்டால் போன் பின் நம்பரைக் கேட்கும். நீங்கள் அதைப் போட்டால், உரிமையாளரே அழிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு கணக்கையும் விட்டுவிடும். பட்டன்களை அழுத்தி வெளியிலிருந்து ரீசெட் போட்டால், திருடியவர் செய்யும் வேலையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டுப் பழைய கணக்கைக் கேட்கும். அந்தக் கணக்கின் அடையாளம் போனின் மெமரியில் ரீசெட் தொடாத தனிப் பகுதியில் இருக்கிறது. அதனால் எத்தனை முறை ரீசெட் போட்டாலும் இதே திரைதான் வரும். போனில் எந்தப் பழுதும் இல்லை. அது செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

உங்கள் விஷயத்தில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இந்தத் திரை கூகுள் கணக்கை மட்டும் கேட்பதில்லை. ரீசெட்டுக்கு முன்பு போட்டிருந்த பின் நம்பரையோ பேட்டர்னையோ போட்டாலும் திறக்கும். கூகுள் கணக்கு என்பது அதற்கு மாற்று வழியாகக் கீழே இருக்கும். விற்றவர்தான் போன் எடுக்கிறாரே, அந்தப் பின் நம்பரை மறுபடி கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால் கதை இங்கேயே முடிந்தது.

பின் நம்பர் வேலை செய்யவில்லை என்றால், அடுத்த உறுதியான வழி அவரே வந்து தன் ஜிமெயிலையும் பாஸ்வேர்டையும் போனில் போடுவது. தூரத்தில் இருந்தால் போனை அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பாஸ்வேர்டை உங்களிடம் சொல்லச் சொல்லாதீர்கள், அவராகச் சொல்ல வந்தாலும் தடுத்துவிடுங்கள். அவருடைய போட்டோ, மெயில், யு.பி.ஐ தொடர்பான தகவல் எல்லாம் அந்தக் கணக்குக்குள் இருக்கலாம். நாளைக்கு அதில் ஏதாவது காணாமல் போனால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விற்றவர் நல்லவராக இருப்பார். "என் பாஸ்வேர்டைத் தர முடியாது, ஆனால் தற்காலிகமாக வேறு ஒன்று மாற்றித் தருகிறேன்" என்பார். மாற்றியும் தருவார். போன் ஏற்காது. காரணம், கூகுள் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு அந்தக் கணக்கை இந்தப் பூட்டில் பயன்படுத்த 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். திருடியவர் கணக்கையும் கைப்பற்றி உடனே திறந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த இடைவெளி இது. ஆரம்பத்தில் 72 மணி நேரமாக இருந்தது, அப்புறம் குறைத்தார்கள். இது தெரியாமல், வேலை செய்யவில்லையே என்று பாஸ்வேர்டை மறுபடி மாற்றுவார்கள். காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். ஒருமுறை மாற்றினீர்களா, ஒருநாள் முழுக்க அதைத் தொடாமல் விட்டுவிட்டு மறுநாள் போடுங்கள்.

வேறொன்றும் சொல்வார்கள். முந்தைய உரிமையாளர் தன் கூகுள் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பட்டியலிலிருந்து இந்தப் போனை நீக்கினால் லாக் போய்விடும் என்று. ஐபோனில் இது உண்மை, அதைப் பிறகு சொல்கிறேன். ஆண்ட்ராய்டில் இதை நம்பி உட்கார்ந்திருக்க நான் சொல்ல மாட்டேன். நீக்கிவிட்டோம் என்று சொல்லி, அப்புறமும் அதே திரையோடு வருபவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் கணக்கு இந்தப் போனிலேயே ஒருமுறை உள்ளே போக வேண்டும், அதுதான் நம்பகமான வழி.

உள்ளே போனதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து சிம்மைப் போட்டுவிடாதீர்கள். செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் கூகுள் கணக்கை நீக்க வேண்டும். சாம்சங் என்றால் சாம்சங் கணக்கு ஒன்று தனியாக இருக்கும், ஷாவ்மி என்றால் மி கணக்கு. அவற்றுக்குத் தனி லாக் உண்டு. அதனால் அவற்றையும் அவரே பாஸ்வேர்டு போட்டு எடுக்க வேண்டும். எல்லாம் எடுத்த பிறகு செட்டிங்ஸ் வழியாக ஒரு ரீசெட். போன் திரும்ப எழுந்து, யாருடைய பழைய கணக்கையும் கேட்காமல் முகப்புத் திரை வரை வந்தால் போதும். அதுவரை அவரை அனுப்பாதீர்கள்.

இதெல்லாம் விற்றவருக்குத் தன் கணக்கு தெரிந்திருந்தால். தெரியாது என்பதுதான் நம் ஊரில் பாதிக் கதை. புதுப் போன் வாங்கும்போது கடைத் தம்பியே ஒரு ஜிமெயிலை உருவாக்கி, ஏதோ ஒரு பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவருக்குப் பேசவும் யூடியூப் பார்க்கவும் முடிந்தால் சரி. மூன்று வருடம் கழித்து விற்கும்போது, அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது. அவரைத் திருடன் என்று நினைத்துச் சண்டை போடாதீர்கள். போன் வாங்கிய டப்பாவைத் தேடச் சொல்லுங்கள். அதன் பின்புறமோ பில்லிலோ கடைக்காரர் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர் இப்போது பயன்படுத்தும் புதுப் போனில் பிளே ஸ்டோரைத் திறந்து மேலே இருக்கும் வட்டத்தைத் தொட்டால், என்ன ஜிமெயில் என்று தெரியும். பழைய போனிலிருந்து அதே கணக்கையே கொண்டுவந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வாட்ஸப்பின் சாட் பேக்கப் பக்கத்திலும் ஒரு ஜிமெயில் முகவரி இருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முகவரியே கிடைக்கவில்லை என்றால், கூகுள் கணக்கு மீட்புப் பக்கத்தில் மொபைல் எண்ணையும் கணக்கில் உள்ள பெயரையும் கொடுத்துத் தேட முடியும். முகவரி தெரிந்து பாஸ்வேர்டு மட்டும் தெரியாவிட்டால் அதே பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். அதை அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலிருந்து, வழக்கமாக இருக்கும் இடத்தில், வீட்டு வைஃபையிலேயே செய்யச் சொல்லுங்கள். கூகுள் இவற்றையெல்லாம் கவனிக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவர் முயற்சி செய்தால் மறுத்துவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். பாஸ்வேர்டு மாறியதும் முன்பு சொன்ன 24 மணி நேரம் இதற்கும் பொருந்தும்.

இந்த வழி அடைபடும் இடங்களும் உண்டு. கணக்கோடு இணைத்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தால் அந்த எண் இன்று வேறொருவரிடம் இருக்கலாம். ஓ.டி.பி அவருக்குப் போகும். இரண்டு வருடம் யாரும் உள்ளே போகாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023-ல் விதியை மாற்றியது, அந்த டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பீரோவில் நெடுநாள் கிடந்த போனுக்கு இந்தச் சிக்கல் வரலாம். அப்போது பழைய பின் நம்பர் நினைவிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். அங்கே ஐ.எம்.இ.ஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்) அச்சிட்ட அசல் பில் இல்லாமல் பேச முடியாது. பில் இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நடைமுறை வேறு. சிலர் பில்லில் பெயர் உள்ளவரே வர வேண்டும் என்பார்கள். போவதற்கு முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள், அலைச்சல் மிச்சம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பத்தி. அங்கே இதன் பெயர் ஆக்டிவேஷன் லாக், 2013-ல் ஐ.ஓ.எஸ் 7 உடன் வந்தது. பூட்டு போனுக்குள் இல்லை, ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. போனை என்ன செய்தாலும் அது ஆக்டிவேட் ஆகும்போது சர்வரைக் கேட்கும், சர்வர் மறுக்கும். ஆனால் இதில் முந்தைய உரிமையாளர் நேரில் வர வேண்டியதில்லை. அவர் எங்கிருந்தாலும் ஐகிளவுடில் நுழைந்து, ஃபைண்ட் மை பகுதியில் அந்தப் போனைத் தேர்ந்தெடுத்து, கணக்கிலிருந்து நீக்கினால் போதும். நீங்கள் போனை ஆஃப் செய்து ஆன் செய்தால் திறந்துவிடும். உரிமையாளர் கிடைக்காவிட்டால் அசல் பில்லோடு ஆப்பிளிடமே கோரிக்கை வைக்கலாம். அப்பாவோ கணவரோ இறந்து, அவருடைய ஐபோன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டு வருபவர்களும் உண்டு. அவர் உயிரோடு இருந்தபோது லெகசி கான்டாக்ட் என்று உங்களைச் சேர்த்திருந்தால், அந்த வழியில் லாக்கும் நீங்கும். இது ஐ.ஓ.எஸ் 15.2-லிருந்து இருக்கும் வசதி.

இன்னொரு வகைப் பூட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். திரையில் கூகுளுக்குப் பதில் ஒரு கடன் நிறுவனத்தின் பெயரோ, தவணை பாக்கி என்ற வாசகமோ வந்தால், அது இ.எம்.ஐ-யில் வாங்கி முழுதாகக் கட்டாத போன். பாக்கி தீர்ந்தால்தான் அது திறக்கும், விற்றவரின் பாஸ்வேர்டால் ஒன்றும் ஆகாது. இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது என்று வந்தால், யாரோ வேலையை விட்டுப் போகும்போது ஆபீஸ் போனைத் திருப்பிக் கொடுக்காமல் விற்றிருக்கிறார். இந்த இரண்டிலும் பணத்தைத் திரும்பக் கேட்பதைத் தவிர வேறு வழியைத் தேடாதீர்கள்.

இப்போது முதலில் விட்டுவைத்த கேள்விக்கு வருகிறேன். போன் திருட்டுப் போனா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஐ.எம்.இ.ஐ எண் டப்பாவிலும் பில்லிலும் இருக்கும். பல போன்களில் சிம் வைக்கும் தட்டிலோ பின்பக்கத்திலோகூட இருக்கும். போன் திறந்திருக்கும்போது *#06# அழுத்தினாலும் வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த 15 இலக்க எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அல்லது கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடம் விட்டு, ஐ.எம்.இ.ஐ எண்ணை எழுதி 14422-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பலாம். கறுப்புப் பட்டியலில் இருப்பதாகவோ, ஒரே எண் பல போன்களில் இருப்பதாகவோ பதில் வந்தால் அந்தப் போனோடு உங்கள் உறவை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பதில் சுத்தமாக வந்தால்? திருட்டுப் போன் என்று யாரும் இதுவரை முடக்கவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். பறிகொடுத்தவர் இன்னும் புகாரே கொடுக்காமல் இருக்கலாம். அதனால் பில்லும் டப்பாவும் இருக்கிறதா, விற்றவர் தன் கணக்கு எது என்று தடுமாறாமல் சொல்கிறாரா என்பதையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். உங்களிடம் விற்றவர் உங்கள் அழைப்பை எடுக்கிறார், பின் நம்பரும் அவருக்குத் தெரிந்திருந்தது. இதை வைத்து அவர்தான் பயன்படுத்தியவர் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல இது போதாது.

சட்டம் பற்றி நான் வக்கீல் அளவுக்குப் பேச முடியாது. ஆனால் இதைத் தொழிலாகச் செய்கிறவன் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்து வைத்திருக்கிறேன். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வைத்துக்கொள்வது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 411-வது பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் இருக்கிறது. தெரியாமல் வாங்கியவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. அதே நேரம், திருடியவர் விற்றதால் போன் உங்களுக்குச் சொந்தமாகியும் விடாது. உரிமையாளர் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். "லாக் எடுக்கணும்னா ஐ.எம்.இ.ஐ-யையும் மாத்திடலாம் அண்ணே" என்று எந்தக் கடையிலாவது சொன்னால் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு மூன்று வருடம் வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடம் இருக்கிறது.

அந்த 500 ரூபாய் வேலை பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அப்படி எடுத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், சில பழைய போன்களில் அது நடக்கவும் செய்கிறது. போனைத் தொடங்கும் திரைகளில் இருந்த ஓட்டைகள் வழியாகத்தான் ஒரு காலத்தில் அதைச் செய்தார்கள். மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட்டுகள் அவற்றை ஒவ்வொன்றாக அடைத்து வருகின்றன. யூடியூபில் பார்க்கும் வீடியோ உங்கள் மாடலுக்கும் உங்கள் அப்டேட்டுக்கும் பொருந்தாமல் போக அதுவே காரணம். 2024-ல் வந்த ஆண்ட்ராய்டு 15-ல் இதை இன்னும் இறுக்கிவிட்டார்கள். தொடக்கத் திரையைத் தாண்டி எப்படியோ உள்ளே போனாலும், பழைய உரிமையை நிரூபிக்கும் வரை புதுக் கணக்கு சேர்க்கவோ, ஆப் போடவோ, ஸ்கிரீன் லாக் வைக்கவோ விடாது. சாம்சங்கில் மாற்றிய சாஃப்ட்வேரை ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு நிரந்தரமாக உடைந்ததாகப் பதிவாகும். அந்தரங்கப் படங்களையும் ஆப்களையும் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் போன்றவை அதன் பிறகு அந்தப் போனில் வேலை செய்யாது. வங்கி ஆப்களும் முரண்டு பிடிக்கலாம். இதற்காகக் கம்ப்யூட்டரில் இறக்கச் சொல்லும் இலவச மென்பொருள்களோடு என்னென்ன வருகிறது என்பது தனிக் கதை. நான் என் கடையில் இந்த வேலையை எடுப்பதில்லை. காசு வராது என்பதால் இல்லை. கொண்டுவருபவர் வாங்கியவரா, பஸ்ஸில் பறித்தவரா என்று பார்த்தவுடன் சொல்ல எனக்குத் தெரியாது.

பணத்தைத் திரும்ப வாங்க வேண்டி வந்தால், எங்கே வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. கடையில் வாங்கியிருந்தால் நீங்கள் நுகர்வோர். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், பில் வேண்டும். தனி ஆளிடம் வாங்கியதால் உங்களுக்கு அந்த வழி பெரிதாக உதவாது. யு.பி.ஐ-யில் பணம் போட்டதற்கான விவரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அவரோடு பேசிய வாட்ஸப் எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் நாளைக்கு இருக்காது. அவர் எண்ணை அணைத்துவிட்டால், அல்லது ஐ.எம்.இ.ஐ கறுப்புப் பட்டியலில் வந்தால், போனையும் இந்த ஆதாரங்களையும் எடுத்துக்கொண்டு நீங்களே காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர் ரசீது வாங்கிவிடுங்கள். போலீஸ் உங்கள் சிம்மைத் தேடி வீட்டுக்கு வருவதைவிட நீங்கள் போவது நல்லது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கினால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறாமல் பணம் கொடுக்க மாட்டோம். போனில் பழைய கணக்கை எடுப்பதும் அதே மாதிரிதான். விற்பவர் உங்கள் கண் முன்னால் கணக்குகளை நீக்கி, செட்டிங்ஸ் வழியாக ரீசெட் போட்டு, உங்கள் சிம்மில் ஒரு கால் பேசிய பிறகு பணத்தை எடுங்கள். நேரமில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவசரப்படுத்துபவரிடம் வாங்காதீர்கள்.

திருப்பூர் நண்பருக்கு: பின் நம்பர் கேட்டுப் போட்டுப் பாருங்கள். ஆகவில்லை என்றால், மாடல் பெயரையும் திரையில் வந்திருக்கும் வாசகத்தை அப்படியே எழுத்து மாறாமலும் இங்கே எழுதுங்கள். கூகுள் லாக்கா, சாம்சங் லாக்கா, கடன் லாக்கா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். ஐ.எம்.இ.ஐ எண்ணையும் விற்றவரின் போன் நம்பரையும் மட்டும் பொதுவில் போட வேண்டாம்.